பூவின் மூன்றாவது உபயோகம்

பூவுக்கு இரண்டே உபயோகங்கள்தான் உண்டு என்பது என் அத்தையின் சித்தாந்தம். ஒன்று, ஸ்வாமிக்குச் சாத்துவது. மற்றொன்று, சுமங்கலிகளும் கன்னிப் பெண்களும் தலையில் சூடிக்கொள்வது. மூன்றாவதாக ஓர் உபயோகம் இருக்கக்கூடும் என்று யாராவது வாயெடுத்தால், "பூவைக் காம்போடு வெட்டித் தண்ணீரில் நிற்க வைப்பதா? அது என்ன கீரைக்கட்டா?" என்று கேட்பாள். இந்தக் கேள்விக்குச் சட்டென்று பதில் சொல்வது சுலபமல்ல. கீரை வாடாமலிருக்க அதையும் அப்படித்தானே நிற்க வைக்கிறோம்?

சென்ற மாதம் இந்தப் பகுதியில் வீட்டுத் தோட்டத்தைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த நேயர் ஒருவர், "பூச்செடி வைக்கச் சொன்னீர், வைத்தோம்; பூத்தும் விட்டது. வெட்டி ஜாடியில் வைத்தால் மறுநாளே தலை தொங்கிவிடுகிறது. இதற்கு என்ன சொல்கிறீர்?" என்று குறைப்பட்டு எழுதியிருக்கிறார். பதில் எழுத உட்கார்ந்தேன். இந்த விஷயத்தில் எனக்குத் தெரிந்ததில் பாதி புஸ்தகத்திலிருந்து வந்தது. மறு பாதி அத்தையிடமிருந்து வந்தது. புஸ்தகத்திலிருந்து வந்த பாதியை மட்டும் எழுதினால் நேர்மையாகாது. ஆகையால் நடந்ததை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் வசிப்பது கம்பம் பள்ளத்தாக்கில், சின்னமனூருக்குச் சமீபத்தில். மேற்கிலும் கிழக்கிலும் மலை. நடுவே முல்லைப் பெரியாறு. மேற்கு நோக்கிக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்த பெரியாற்று நீரை அணை கட்டித் தேக்கி, மலையைக் குடைந்து இந்தப் பக்கம் திருப்பிவிட்டது 1895-ஆம் வருஷத்தில். அந்தத் தண்ணீரால் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் விளைகிறது என்பது எங்கள் ஊர்க் குழந்தைகளுக்குக்கூடப் பாடம். நெல்லைத் தவிர வாழை, தென்னை, திராட்சை. அவற்றுக்கு நடுவே பூந்தோட்டங்கள். சீலையம்பட்டிப் பூ மார்க்கெட்டுக்கு விடிவதற்கு முன்பே மல்லிகையும் முல்லையும் பிச்சியும் செவ்வந்தியும் சம்பங்கியும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். 2013-ல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லி எங்கள் தேனி ஜில்லாவிலும் விளைகிறது. 1996-ல் நாங்கள் மதுரையை விட்டுப் பிரிந்தோமே ஒழிய, மல்லிகை பிரியவில்லை. ஆற்றின் பெயரிலேயே பூவை வைத்திருக்கும் பிரதேசத்தில் பூவுக்குப் பஞ்சம் இராது.

இருந்தாலும் அத்தை மார்க்கெட்டுப் பூவை மதிப்பதில்லை. எங்கள் வீட்டுக் கொல்லையில் கிணற்றடியை ஒட்டி அவள் ஒரு தோட்டம் போட்டிருக்கிறாள். அளந்தால் நான்கு சென்ட் தேறாது. ரோஜா, செவ்வந்தி, சம்பங்கி, கோழிக்கொண்டை, கனகாம்பரம், வேலியோரம் பிச்சிக்கொடி, மூலையில் ஒரு பவழமல்லி மரம், துளசி, மரிக்கொழுந்து. துவைக்கும் கல்லிலிருந்து தண்ணீர் ஓடும் வாய்க்காலில் நான்கு வாழை. நாள் தவறாமல் மாலையில் திண்ணையில் உட்கார்ந்து பூத் தொடுப்பாள். பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பும்போது நான் பார்க்கும் முதற் காட்சி அதுதான். அவள் விரல்கள் நாரை முடிச்சிடுகிற வேகத்தைப் பார்த்தால் கண் கூசும்.

சென்ற வருஷம் சென்னையிலிருந்து என் கல்லூரி நண்பர் ஒருவர் குடும்பத்துடன் வருவதாக எழுதினார். பட்டணத்து விருந்தாளி வருகிறாரே என்று என் மனைவி ஒரு கண்ணாடி ஜாடி வாங்கி வந்தாள். பூ வெட்டும் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு, அடுப்பங்கரைக் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு போய், ரோஜாவும் செவ்வந்தியும் சம்பங்கியும் கோழிக்கொண்டையுமாகக் கைக்கு அகப்பட்டவற்றையெல்லாம் வெட்டினேன். ஜாடியின் வாய் கொள்ளாமல் திணித்தேன். சாப்பாட்டு மேஜையின் நடுவில், நன்றாகப் பழுத்த இரண்டு சீப்பு வாழைப் பழத்துக்குப் பக்கத்தில், சுழலும் மின்விசிறிக்கு நேர் கீழே கொண்டுபோய் வைத்தேன். செய்யக் கூடாதவற்றில் ஒன்றைக்கூட நான் விட்டுவைக்கவில்லை என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

திங்கட்கிழமை காலையில் நண்பர் வந்து சேர்ந்தபோது ரோஜாக்கள் கழுத்தொடிந்து தொங்கிக்கொண்டிருந்தன. தண்ணீர் கலங்கி, இலேசாக நாறவும் செய்தது.

அத்தை வந்து பார்த்தாள். "நான் சொன்னேனா இல்லையா?" என்று ஆரம்பிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அப்படிச் சொல்லவில்லை. ஒரு ரோஜாவை வெளியே எடுத்து, காம்பின் அடியைத் தடவிப் பார்த்தாள்.

"ஏன் தம்பி, இதை உச்சி வெயிலிலா வெட்டினாய்?"

"ஆமாம் அத்தை."

"நீ உச்சி வெயிலில் ஓடி வந்தால் உனக்குத் தாகம் எடுக்காதா? தாகத்தோடு இருந்ததை வெட்டியிருக்கிறாய். காம்பையும் நசுக்கிவிட்டாய். பிறகு எப்படிக் குடிக்கும்?"

பத்து நிமிஷத்தில் ஒரு பேசினில் தண்ணீர் வந்தது. பழைய பேனாக் கத்தி வந்தது. காம்புகளைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி, நீருக்குள்ளேயே அரை அங்குலம் சாய்வாக நறுக்கினாள். இலைகளைக் கழித்தாள். அப்படியே நிழலில் கழுத்தளவு தண்ணீரில் நிறுத்தினாள். மாலைக்குள் ஆறு ரோஜாக்களில் நான்கு தலை நிமிர்ந்துவிட்டன. விதேசிப் பழக்கம் என்று தான் பரிகசித்த ஒன்றை இவ்வளவு நேர்த்தியாகச் செய்ய அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "வெற்றிலைக் கொடிக்கும் கீரைக்கும் எது பொருந்துமோ அது பூவுக்கும் பொருந்தும்" என்றாள்.

அன்றிரவு நான் புஸ்தகங்களைப் புரட்டினேன். அத்தை சொன்னதில் ஒன்றுகூடத் தவறில்லை. நேயருக்கு நான் சொல்ல வேண்டிய முறைகளை இங்கே சுருக்கமாகத் தருகிறேன்.

பூவை வெட்ட ஏற்ற வேளை விடியற்காலை. இரவெல்லாம் குடித்த நீர் அப்போது தண்டு நிறைய இருக்கும். காலையில் முடியாவிட்டால் வெயில் தாழ்ந்த பிறகு வெட்டலாம். மொக்கைக் கத்தரிக்கோல் காம்பின் நீர்க்குழல்களை நசுக்கிவிடும்; கூரான கத்தியே சிலாக்கியம். காம்பை வெட்டியவுடன் அந்தக் குழல்களுக்குள் காற்று புகுந்து, குமிழியாக நின்று, நீர் ஏறுவதைத் தடுத்துவிடுகிறது. நீருக்குள்ளேயே வைத்து இன்னொரு முறை நறுக்கினால் அந்தக் குமிழி நீங்கிவிடும். சாய்வாக நறுக்குவதன் காரணம், காம்பின் அடி ஜாடியின் தரையோடு ஒட்டி அடைபடாமல் இருப்பதற்காக.

தண்ணீருக்குள் ஓர் இலைகூட இருக்கக் கூடாது. இலை அழுகினால் கிருமிகள் பெருகும். கிருமிகள் பெருகினால் குழல்கள் அடைபடும். தினந்தோறும் தண்ணீரை மாற்றி, இரண்டு நாளைக்கு ஒரு தடவை காம்பைச் சிறிது நறுக்கிவிட வேண்டும். பூவைத் தாங்கும் காம்பு தன் செடியை விட்டு வந்துவிட்டபடியால் அதற்கு ஆகாரமும் இல்லை. ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேஜைக்கரண்டி சர்க்கரையும் இரண்டு மேஜைக்கரண்டி எலுமிச்சம்பழச் சாறும் சேர்த்தால் ஆகாரமும் கிடைக்கும். புளிப்பினால் கிருமியும் ஓரளவு அடங்கும். வெறும் சர்க்கரையை மட்டும் போட்டால் கிருமிகளுக்குத்தான் விருந்து. பித்தளைச் சொம்பில் எலுமிச்சம்பழச் சாறு விடக் கூடாது, களிம்பு ஏறும். அதற்கு வெறும் தண்ணீரே போதும், தினம் மாற்றினால்.

வாழைப் பழம் செய்த குற்றத்தைத்தான் நான் கடைசி வரையில் சந்தேகிக்கவே இல்லை. பழுக்கும் பழங்கள் எத்திலீன் என்ற ஒரு வாயுவை வெளிவிடுகின்றன. இதை 1934-ல் ரிச்சர்டு கேன் என்ற ஆங்கில விஞ்ஞானி ஆப்பிள் பழங்களைக் கொண்டு நிரூபித்தார். ஒரு பழம் விடும் வாயு பக்கத்துப் பழத்தைப் பழுக்க வைக்கும். பக்கத்துப் பூவை மூப்படையச் செய்யும். செவ்வந்தி இதை அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. ரோஜாவில் பல வகைகள் தாங்கமாட்டா. வாழை விளையும் எங்கள் பள்ளத்தாக்கில் பழச் சீப்பு இல்லாத வீடு கிடையாது. ஆகையால், பழம் ஓர் அறையிலும் பூ மற்றோர் அறையிலும் இருப்பதே இருவருக்கும் நலம்.

காற்றும் சத்துருதான். ஆனி ஆடி மாதங்களில் எங்கள் பக்கம் மலைக் கணவாய் வழியாக வீசும் காற்று, காற்றாலைகளைச் சுழற்றி மின்சாரம் தருகிறது; மேற்கு ஜன்னலில் வைத்த பூவை ஒரே பொழுதில் உலர்த்தியும் விடுகிறது. காற்றாலைக்கு ஆகிற இடம் பூ ஜாடிக்கு ஆகாது.

எந்தப் பூ ஜாடிக்கு ஏற்றது என்பதிலும் விவரம் இருக்கிறது. சம்பங்கியைக் கதிரின் அடியில் இரண்டு மூன்று பூக்கள் விரிந்ததும் வெட்டினால், மீதி மொக்குகள் கீழிருந்து மேலாக நாளுக்கு நாள் விரிந்துகொண்டே போகும். வாடியதை அவ்வப்போது கிள்ளிவிட வேண்டும். செவ்வந்தி அநேக நாள் தாங்கும். கோழிக்கொண்டையும் வாடாமல்லியும் தண்ணீர் வற்றினாலும் உலர்ந்த கோலத்திலேயே அழகாயிருக்கும். ரோஜாவை வெளியிதழ் ஒன்றிரண்டு நெகிழ்ந்தவுடன் வெட்ட வேண்டும். ஐந்து சிற்றிலை கொண்ட ஓர் இலைக்குச் சற்று மேலே வெட்டினால் அவ்விடத்திலிருந்து புதுத் தளிர் கிளம்பும். பன்னீர் ரோஜா மட்டும் ஜாடிக்கு உதவாது. வாசனை கமகமக்கும், ஆனால் தொட்டால் இதழ் உதிரும். செம்பருத்தியின் ஆயுள் ஒரு பகல்தான். தண்ணீரில் வைத்தாலும் தட்டில் வைத்தாலும் ஒன்றே. பவழமல்லி விடியும்போது தானே உதிர்ந்துவிடும். அதைப் பொறுக்கி, வாயகன்ற உருளியில் நீர் நிரப்பி மிதக்க விட்டால், காலை பத்து மணி வரையில் வீடு மணக்கும். மல்லிகையையும் பிச்சியையும் அவற்றின் இயல்பான இடமாகிய நாருக்கே விட்டுவிடலாம். அரளியை மட்டும் குழந்தைகள் உள்ள வீட்டில் ஜாடியில் வைக்கவே கூடாது. அதன் இலை, பூ, பால் யாவும் விஷம். அது நின்ற தண்ணீரும் விஷமே.

காம்புகள் நிற்பதற்குப் பூக்கடைகளில் பச்சை நிறத்தில் ஒரு நுரைக்கட்டி விற்கிறார்கள். 1954-ல் அமெரிக்காவில் கண்டுபிடிக்கப்பட்ட சரக்கு அது, ஒருவகைப் பிளாஸ்டிக். மண்ணில் மக்காது. எங்கள் வீட்டில் ஒரு சாண் வாழைத்தண்டை உருளியில் கிடத்தி, ஈர்க்கால் துளையிட்டு, காம்புகளைச் செருகுகிறோம். வேலை முடிந்ததும் தண்டு மாட்டுக்குப் போய்விடுகிறது.

இதுவரையில் செய்முறை. இனி, ஆட்சேபணைக்கு வருகிறேன். பூவை ஜாடியில் வைப்பது வெள்ளைக்காரன் விட்டுப்போன வழக்கம், நமக்கு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அத்தையும் அந்தக் கட்சியைச் சேர்ந்தவள்தான். சுதேசி உணர்ச்சியை நான் குறைத்துப் பேசுகிறவன் அல்ல. ஆனால் கணக்கைச் சரியாகப் பார்க்க வேண்டும். நம் பூஜையறை வரையில் வந்துவிட்ட சம்பங்கியும் துலுக்கச் சாமந்தியும் மெக்ஸிகோ தேசத்திலிருந்து வந்தவை. வாடாமல்லியின் பூர்விகமும் அமெரிக்கக் கண்டந்தான். பூ வெளியூர், ஆனால் கலசம் நம்முடையது. வாசலில் நாம் வைக்கும் பூரண கும்பம் என்ன? தண்ணீர் நிறைந்த குடம், அதன் வாயில் மாவிலைக் கொத்து. அமராவதிச் சிற்பங்களில் பூவும் இலையும் பொங்கி வழியும் குடங்கள் இருக்கின்றன. சோழர் காலம் தொட்டு நம் கோயிற் சுவர்களில் கும்பபஞ்சரம் என்று ஓர் அலங்காரம் உண்டு: கீழே ஒரு குடம், அதன் வாயிலிருந்து கொடியும் தூணுமாக மேலெழும் வேலைப்பாடு. தினம் அதைக் கடந்து போய்த்தான் ஸ்வாமி தரிசனம் செய்கிறோம்.

புத்தருக்குப் பூச் சாத்தும் வழக்கம் இந்தியாவிலிருந்து புறப்பட்டு, சீனம் கொரியா வழியாக ஜப்பானுக்குப் போயிற்று. அங்கே அது ஒரு கலையாகவே வளர்ந்தது. கியோட்டோ நகரத்தில் ரொக்காகுதோ என்ற ஆலயத்தைச் சேர்ந்த இகெநோபோ பரம்பரையினர் இன்றும் அதைக் கற்பிக்கிறார்கள். அந்தப் பரம்பரையில் சென்கெய் என்பவர் பூ வைத்த நேர்த்தியைக் காண நகரத்து ரஸிகர்கள் திரண்டதாக 1462-ஆம் வருஷத்துக் குறிப்பு ஒன்று இருக்கிறது. ஜாடி நிறையத் திணிப்பது அவர்கள் முறையல்ல. மூன்று காம்பு, ஐந்து காம்பு, உயரத்தில் ஒன்றுக்கொன்று வித்தியாசம், நடுவில் வெற்றிடம். வெற்றிடம் இருந்தால்தான் பூவைப் பார்க்க முடியும் என்பது அவர்கள் கொள்கை. எண்ணூறு சொல்லில் எழுத வேண்டிய கட்டுரையை எண்பது சொல்லில் எழுதச் சொல்லி மாணவர்களைப் பழக்கும் எனக்கு இந்தக் கொள்கை உடனே பிடித்துப்போயிற்று.

ரிக்யூ என்ற தேநீர் ஆசாரியரைப் பற்றி ஜப்பானியர் ஒரு கதை சொல்வார்கள். பதினாறாம் நூற்றாண்டில் வாழ்ந்தவர் அவர். அவருடைய தோட்டத்தில் காலையில் மலர்ந்து உச்சிப் பொழுதுக்குள் வாடிவிடும் ஒரு கொடிப்பூ அபாரமாகப் பூத்திருப்பதைக் கேள்விப்பட்டு, அந்நாட்டை ஆண்ட ஹிதேயோஷி பார்க்க வந்தான். தோட்டத்தில் ஒரு பூவைக்கூடக் காணோம், எல்லாவற்றையும் வெட்டிவிட்டிருந்தார். கோபத்துடன் அறைக்குள் நுழைந்தால், அங்கே ஜாடியில் ஒரே ஒரு பூ. அந்த ஒன்றில் அத்தனை பூவின் அழகையும் கண்டானாம்.

இந்தக் கதையை நான் மிகுந்த உற்சாகத்துடன் அத்தைக்குச் சொன்னேன். கேட்டு முடித்ததும் அவள் கேட்ட கேள்வி: "சரி, மற்றப் பூவையெல்லாம் எதற்காக வெட்டினான், பாவி?"

ஜப்பானியக் கலையை இதைவிடக் கறாராக யாரும் விமர்சித்ததாக நான் படித்ததில்லை.

விருந்தாளிகள் போய்விட்டார்கள். கண்ணாடி ஜாடி அலமாரிக்கு ஏறிவிட்டது. அத்துடன் இந்த விஷயம் முடிந்தது என்று நினைத்தேன். ஒரு மாதம் கழித்து ஓரிரவு மின்சாரம் நின்றுவிட்டது. மெழுகுவர்த்தி தேடிக்கொண்டு அத்தையின் அறைக்குப் போனேன். அவள் உறங்கிக்கொண்டிருந்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில் முக்காலியின்மேல், பரணில் கிடந்த பழைய பித்தளைச் சொம்பு புளி போட்டுத் துலக்கிய பளபளப்புடன் இருந்தது. அதில் மூன்று செவ்வந்திகள், வெவ்வேறு உயரத்தில். ஒரு கொத்து மரிக்கொழுந்து.

நான் அங்கே கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன்.

அத்தை தன் இருபத்தாறாவது வயதில் கணவரை இழந்து எங்கள் வீட்டுக்கு வந்தவள். இப்போது எழுபது தாண்டிவிட்டது. அவள் வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் ஸ்வாமிக்கும், என் தாயாருக்கும், என் சகோதரிகளுக்கும், என் மனைவிக்கும், இப்பொழுது என் மகளுக்கும் அவள்தான் பூத் தொடுத்து வருகிறாள். விதை போடுவது அவள். தண்ணீர் ஊற்றுவது அவள். மொக்குப் பறிப்பது அவள். ஒரு முழம்கூட அவள் தலைக்கு ஏறியதில்லை. இது எனக்குத் தெரியாத சங்கதி அல்ல. இன்னொன்றும் எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமையிலும் விசேஷ நாளிலும் அக்கம் பக்கத்துப் பெண்கள் வரும்போது, அத்தை தொடுத்த பூவைத் தன் கையால் கொடுக்கமாட்டாள். தட்டில் வைத்து, வீட்டிலுள்ள சிறுமி யாரையாவது கூப்பிட்டுக் கொடுக்கச் சொல்வாள். சிறுவயதில் என் தங்கைகள் கொடுத்தார்கள்; இன்று என் மகள் கொடுக்கிறாள். வாங்கிக்கொள்கிறவர்களின் மனம் கோணக் கூடாதே என்று அத்தையே ஏற்படுத்திக்கொண்ட ஏற்பாடு இது. அதை ஏற்பாடு என்றுகூட நாங்கள் கவனித்ததில்லை. சூரியன் கிழக்கே உதிக்கிற மாதிரி அது பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது.

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஸமூக சீர்திருத்தம் என்ற பாடத்தை வருஷா வருஷம் நடத்துகிறவன் நான். குழந்தைப் பருவத்திலேயே விதவையான சகோதரி சுப்பலட்சுமி 1911-ல் சென்னையில் பட்டம் பெற்றதையும், இளம் விதவைகளுக்கு இல்லம் அமைத்து அவர்களை ஆசிரியைகளாக்கியதையும் உருக்கமாகச் சொல்வேன். கைம்பெண் நுழைந்தால் கோயில் தீட்டாகிவிடும் என்று ஒரு பெண்மணியை ஈரோடு ஜில்லாவில் தடுத்த வழக்கில், 2023 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் கண்டனம் தெரிவித்துத் தீர்ப்பளித்ததையும் கரும்பலகையில் எழுதிக் காட்டியிருக்கிறேன். இவ்வளவும் சொல்லிவிட்டு மாலையில் வீட்டுக்கு வந்து, திண்ணையில் பூத் தொடுக்கிற அத்தையைத் தாண்டிக்கொண்டு உள்ளே போய்க் காப்பி சாப்பிட்டிருக்கிறேன். இத்தனை வருஷங்களில் ஒரு நாளாவது, "அத்தை, உங்களுக்குப் பூவென்றால் பிடிக்குமா?" என்று கேட்கத் தோன்றவில்லை.

அந்தச் சொம்பைப் பார்த்தபோது ஒன்று புலப்பட்டது. ஸ்வாமிக்கு, சுமங்கலிக்கு என்று பூவுக்கு உள்ள இரண்டு உபயோகங்களிலும் அத்தைக்கு இடமில்லை. அவள் கை மட்டும் அவற்றுக்கு வேண்டியிருந்தது. கீரைக்கட்டு என்று அவள் பரிகசித்த மூன்றாவது உபயோகத்தில்தான், யாருடைய அனுமதியும் கேளாமல் ஒரு பூவைத் தன்னுடையது என்று வைத்துக்கொள்ள அவளுக்கு வழி கிடைத்தது. ஜாடியில் இருக்கும் பூவுக்கு ஜாதகம் கிடையாது. அது யாருக்காக வைக்கப்பட்டது என்று எவரும் கேட்பதில்லை.

மறுநாள் நான் ஒன்றும் பேசவில்லை. அலமாரியிலிருந்த கண்ணாடி ஜாடியை மட்டும் இறக்கி வைத்தேன். இப்போது எங்கள் வீட்டில் இரண்டு பாத்திரங்களில் பூ இருக்கிறது. ஒன்று கூடத்தில், என் பொறுப்பில். மற்றொன்று அத்தையின் அறையில், அவள் பொறுப்பில். அவளுடையது இரண்டு நாள் அதிகமாகவே தாங்குகிறது.

பள்ளிக்கூடத்துக்கும் இந்த வழக்கத்தைக் கொண்டுபோயிருக்கிறேன். என் வகுப்பு மேஜையில் ஒரு மண் குவளை. தினம் ஒரு மாணவனோ மாணவியோ வீட்டிலிருந்து ஒரு பூங்கொத்துக் கொண்டுவர வேண்டும். அதன் பெயரை எல்லோருக்கும் சொல்ல வேண்டும். தண்ணீர் மாற்ற வேண்டும். குறிஞ்சிப் பாட்டில் கபிலர் 99 பூக்களின் பெயர்களை அடுக்கியிருக்கிறார். ஒரு வருஷத்தில் எங்கள் வகுப்பு முப்பத்தேழு பூக்களை எட்டியிருக்கிறது. பெயர் தெரியாத ஐந்து பூக்களுக்குப் பெயர் சொன்னது, நேயர்கள் யூகித்திருப்பார்கள், அத்தைதான்.

சென்ற வெள்ளிக்கிழமை என் மகள், சொம்பிலிருந்த செவ்வந்திகளில் சிறியதாக ஒன்றைக் கிள்ளி எடுத்து, "பாட்டி, நீங்களும் ஒன்று வைத்துக்கொள்ளுங்களேன்" என்று அவள் கொண்டையருகில் கொண்டுபோனாள். அத்தை தலையை ஒதுக்கிக்கொண்டாள். கோபம் இல்லை; பழக்கம். பூவைக் கையில் வாங்கி, மறுபடியும் தண்ணீரிலேயே வைத்துவிட்டு, "எனக்கு இது போதும், கண்ணு" என்றாள்.

அவளுக்குப் போதும். நமக்குப் போதுமா என்பது வேறு விஷயம். நாற்பத்தைந்து வருஷத்துப் பழக்கத்தை ஒரு வெள்ளிக்கிழமையில் மாற்றிக்கொள்ளும்படி அவளை நிர்ப்பந்திக்க எனக்கு அதிகாரமில்லை. ஆனால் பூத்தட்டை அவள் தன் கையாலேயே நீட்ட வேண்டும், வருகிறவர்கள் அதை அவள் கையிலிருந்தே வாங்கிக்கொள்ள வேண்டும் என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன். என் மனைவிதான் முதலில் வாங்கிக்கொண்டாள். அடுத்த வீட்டு அம்மாள் ஒரு கணம் தயங்கிவிட்டு வாங்கிக்கொண்டாள். மூன்றாவதாக வந்தவள் தயங்கவேயில்லை.

குறைப்பட்டு எழுதிய நேயருக்கு: தங்கள் பூ மறுநாளே தலை தொங்கியதற்குக் காரணம், மேலே சொன்னவற்றுள் ஒன்றாகவே இருக்கும். நாளைக் காலையில் கூரான கத்தியுடன் தோட்டத்துக்குப் போங்கள், மூன்று காம்புகளுக்குமேல் வெட்ட வேண்டாம், நீருக்குள் நறுக்குங்கள், பழக்கூடையைத் தள்ளி வையுங்கள். ஜாடியைக் கூடத்தில் வைப்பதற்கு முன், அந்தப் பூவை வளர்த்தவர் யார், அவர் படுக்கும் இடம் எது என்று ஒரு முறை வீட்டுக்குள் பார்த்துவிட்டு வையுங்கள்.